சேரம்பாடியின் பதினொன்றரைப் பேர்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அந்த மென்பொருள் கம்பெனி தன் லைசென்ஸ் விதிகளை மாற்றி வெளியிடும். மாற்றாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. போன மாதம் 'சாதனம்' என்று இருந்த இடத்தில் இந்த மாதம் 'தகுதியுள்ள சாதனம்' என்று இருக்கும். அந்த ஒற்றை வார்த்தைக்குள் நமக்கு என்ன வேட்டு வைத்திருக்கிறார்கள் என்பது நூற்றிருபது பக்கத்தையும் படித்தால்தான் தெரியும். நான்கு எஸ்டேட்டுகளை நடத்தும் ஒரு தேயிலைக் கம்பெனியின் குன்னூர் தலைமை அலுவலகத்தில், அதைப் படிக்கிற ஒரே பைத்தியம் நான்தான். பதினாறு வருடமாகப் படிக்கிறேன். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் "ஜீவிதாவைக் கூப்பிடு", ஜி.எம். வீட்டு டி.வி. தெரியாவிட்டாலும் "ஜீவிதாவைக் கூப்பிடு". லைசென்ஸ் என்று நான் வாயைத் திறந்தால் மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

இந்த வருடம் மாற்றம் கொஞ்சம் பெரிது. இதுநாள் வரை ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு லைசென்ஸ். அதில் பத்துப் பேர் மாறி மாறி உட்கார்ந்தாலும் கேட்பாரில்லை. அந்த ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. புதிய ஒப்பந்தத்தில் ஆளுக்கு ஒரு லைசென்ஸ். பெயர் பெயராகக் கொடுக்க வேண்டும், பெயர் இல்லாதவருக்குத் திரை திறக்காது. கொடுத்த எண்ணிக்கையை மூன்று வருடத்துக்குக் குறைக்கவும் முடியாது. இதை ஜி.எம்.மிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாப்பதுக்கு மேல ஒண்ணு கூடாதுங்க ஜீவிதா. மூணு வருசத்துக்கு நாப்பதுதான்."

சரி என்று நான்கு எஸ்டேட்டுகளுக்கும் சர்க்குலர் அனுப்பினேன். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பட்டியலையும் மொத்த எண்ணிக்கையையும் அனுப்புங்கள், அவ்வளவுதான் கேட்டது. மூன்று எஸ்டேட்டுகளிலிருந்து ஒழுங்காக வந்தது. சேரம்பாடியிலிருந்து பட்டியல் வரவில்லை. மொத்தம் மட்டும் வந்தது: பதினொன்றரை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பதினொன்றரையேதான். அடியில் அங்குள்ள கணக்கப்பிள்ளை வடிவேலின் கையெழுத்து. எனக்குச் சுள்ளென்று ஏறியது. உடனே போனைப் போட்டேன்.

"ஏனுங்க வடிவேலு, இது என்னங்க பதினொன்னரை?"

"பதினோரு முழுப்பேரு, ஒரு அரைப்பேருங்க மேடம்."

"நான் கேட்டது கம்ப்யூட்டர்ல உக்கார்ற ஆளுங்களை. அரை ஆளு எப்படிங்க உக்காருவாரு? எந்தப் பாதி உக்காரும்?"

"பாதி நாள் வேலைன்னா அரைப்பேருங்க மேடம். செக்ரோல்ல அப்படித்தான் போடுறது. எங்கப்பா சிலோன்ல தோட்டத்துல இருந்த காலத்துலயே அப்படித்தான்."

செக்ரோல் என்பது எஸ்டேட்டின் வருகைப் பதிவேடு. முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், பாதி நாள் செய்தால் அரைப் பேர். அங்கே மனிதரை எண்ணுவதில்லை, அவர் உழைத்த நாளைத்தான் எண்ணுகிறார்கள். வடிவேல் தப்பாக எதையும் செய்துவிடவில்லை. வழக்கமாக எண்ணுகிற மாதிரி எண்ணி அனுப்பிவிட்டார். ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் நிதானமாக யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"அந்தக் கம்பெனிக்காரனுக்கு உங்க செக்ரோல் தெரியாதுங்க. அவன் ஃபாரத்துல பாதின்னு போட எடமே கெடையாது. அந்த அரையை வெட்டிட்டு, பதினோரு பேரையும் பேரோட எழுதி அனுப்புங்க."

"அரை யாருன்னு கேக்கலீங்களா மேடம்?"

"வேண்டாங்க!" என்று போனை வைத்துவிட்டேன்.

தலைமை அலுவலகமும் மற்ற மூன்று எஸ்டேட்டும் சேர்த்து இருபத்தொன்பது. சேரம்பாடி பதினொன்று. கூட்டினால் சரியாக நாற்பது. ஆகா, எவ்வளவு அழகாக உட்காருகிறது பார் என்று என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறைதான். எதிர்க்கடையில் போய் ஒரு வர்க்கியும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை படிவத்தை அனுப்பிவிட்டால் மூன்று வருடத்துக்கு நிம்மதி.

வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஜீவிதா மேடமுங்களா? சேரம்பாடியில இருந்து காத்தாயி பேசுறேங்க."

"எந்தக் காத்தாயிங்க?"

"அதாங்க, நீங்க வெட்டச் சொன்னீங்களே. அந்த அரை நான்தாங்க."

அந்த அம்மாள் குரலில் கோபம் எதுவும் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"காலைப் பெரட்டுல கணக்கப்புள்ள பதினோரு பேரையும் வாசிச்சாருங்க. என் பேரு இல்ல. ஒண்ணாந்தேதியில இருந்து மத்தியானத்துக்கு மேல மலைக்குக் கொழுந்து வெட்டப் போகச் சொல்லிட்டாங்க."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அத்தனை பேருக்கு நடுவில் நின்று கேட்டிருக்கிறார்.

"போனா என்னங்கக்கா? நீங்க கொழுந்து எடுத்தவங்கதான?"

"எடுத்தேங்க. இருபத்தெட்டு வருசம். மூணு வருசத்துக்கு முன்ன சரிவுல வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டு போயிடுச்சுங்க. இப்ப எல்லாம் கத்திரி போட்டுத்தான் வெட்டணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும். என் கை மூடாதுங்க. காலையில நர்சரியில நாத்துக்குத் தண்ணி ஊத்துறேன், மத்தியானம் கம்ப்யூட்டர்ல எடைச்சீட்டு ஏத்துறேன். மலைக்குப் போனா எடை காட்ட முடியாது. ரெண்டு மாசம் பாப்பாங்க, அப்பறம் வேலைய விட்டு நின்னுக்கன்னு சொல்லிருவாங்க. வேலைய விட்டா லயத்து வீடும் போயிரும்."

லயம் என்றால் எஸ்டேட் லைன் வீடு. வேலையில் இருக்கும் வரைதான் அந்த வீடு.

"இதெல்லாம் உங்க மேனேஜர்கிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொன்னா நான் என்னங்க பண்றது?" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்கவும் முடியவில்லை. நாற்பது என்ற எண் அவ்வளவு அழகாக உட்கார்ந்ததற்கு ஒரு பெண்ணின் வீட்டைத்தான் வெட்டி எறிந்திருக்கிறேன். அதற்கு வர்க்கியும் டீயும் வேறு. அரை யார் என்று கேட்கலையா என்று வடிவேல் தெளிவாகத்தானே கேட்டார்? வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். ஜி.எம். அறைக்குள் போய், "நாளைக்கு நான் சேரம்பாடி போறேனுங்க, லைசென்ஸ் வெரிஃபிகேஷன்" என்று சண்டைக்குப் போகிற மாதிரி சொன்னேன். அவர் பயந்துபோய்ச் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பஸ். ஊட்டியில் ஒரு மாற்றம், கூடலூரில் ஒரு மாற்றம். பந்தலூர் தாண்டியதும் யானை ரோட்டில் நிற்கிறது என்று முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். யானை போன பிறகு மழை. சேரம்பாடி ஃபேக்டரியில் கால் வைத்தபோது மணி ஒன்று. வடிவேல் குடையோடு ஓடி வந்தார். ஐம்பது வயது, மெலிந்த ஆள், காதில் எப்போதும் ஒரு பேனா.

"மேடம், அரைப்பேரு விசயமாத்தான் வந்தீங்களா? எனக்கு மெமோ எதும் இல்லைங்களே?"

"உங்களுக்கு மெமோ குடுத்தா எனக்கு நாலு குடுக்கோணும். மொதல்ல காத்தாயியைக் காட்டுங்க."

எடைக் கொட்டகையின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். மேலே சுவரில் ஒரு காகிதம்: 'யூசர் ஃபேக்டரி, பாஸ்வேர்டு ஃபேக்டரி'. பழைய விதியின் லட்சணம் அதுதான். அதன் முன்னால் காத்தாயி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் கொங்காணியைக்கூட எடுக்கவில்லை. இடது கை முழுதையும், வலது கையில் ஒரே ஒரு விரலையும் வைத்துத் தட்டினார். அவ்வளவுதான், ஆனால் என்ன வேகம்! எடைச்சீட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. திடீரென்று நிறுத்தி ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"கணக்கப்புள்ள, இது தப்புங்க. ஆறாம் நம்பர் மலையில இன்னைக்கு யாருமே இறங்கலயே, எப்படி நாப்பத்திரெண்டு கிலோ வந்துச்சு?"

வடிவேல் சீட்டை வாங்கிப் பார்த்து, "ஒம்பதாம் நம்பருங்க, வால் மேல போயிடுச்சு" என்று திருத்திக் கொடுத்தார். குன்னூரில் மூன்று வருடமாக, சேரம்பாடிக் கணக்கு மட்டும் எப்படி ஒரு பிழையும் இல்லாமல் வருகிறது என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தோம். வடிவேல் கெட்டிக்காரர் என்று பேசிக்கொள்வோம். எனக்கு மறுபடியும் வெட்கம் வந்தது. "அக்கா, நேத்து போன்ல பேசினது நான்தான், தப்பாப் பேசிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "முதல்ல துண்டு எடுத்துத் தலையத் துடைங்கம்மா" என்றார்.

பிறகு வடிவேலின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் போனேன். ஸ்டோர் கீப்பர், சரி. ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் இரண்டு பேர், சரி. டிஸ்பென்சரி நர்ஸ் ஜெஸிந்தா, மருந்துக் கணக்கை நாள்தவறாமல் ஏற்றுகிறார். பத்துப் பெயர் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலின் உச்சியில், தடித்த எழுத்தில் இருந்த பெயர் மட்டும்தான் பாக்கி: பி.பாலகுமார், மேனேஜர்.

"தொரை கம்ப்யூட்டர் பாப்பாருங்களா?" என்று வடிவேலைக் கேட்டேன்.

வடிவேல் காதிலிருந்த பேனாவை எடுத்தார், திரும்பச் செருகினார். "தொரை பேரு இல்லாம லிஸ்ட் எப்படிங்க மேடம் அனுப்புறது?"

மேனேஜர் அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. பூப்போட்ட உறை போட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். உறையைத் தூக்கினேன். திரையின் நடுவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. விசைப்பலகையில் ஒரு செவ்வந்திப்பூ, நசுங்கிப் பழுப்பாகி. சத்தம் கேட்டு உள்ளே வந்தார் பாலகுமார். பொள்ளாச்சிக்காரர், நல்ல உயரம், இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர்.

"வாங்க ஜீவிதா! மழையில எதுக்குங்க வந்தீங்க? போன்லயே கேட்டிருக்கலாமே."

"சார், இந்தக் கம்ப்யூட்டரைக் கடைசியா எப்பத் தொட்டீங்க?"

கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "ஆயுத பூஜைக்குங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நாற்பதுக்கு மேல் ஜி.எம். ஒன்றுகூடத் தரமாட்டார், காத்தாயிக்கு ஒரு லைசென்ஸ் வேண்டும், ஆகவே பட்டியலில் ஒரு பெயரை எடுக்க வேண்டும். எந்தப் பெயர் என்பதை நான் சொல்லவில்லை. குங்குமத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அது முடியாதுங்க. எஸ்டேட் லிஸ்ட்ல மேனேஜர் பேரு இல்லேன்னா ஹெட் ஆபீஸ்ல என்ன நெனைப்பாங்க? பாலகுமாருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிருமுங்க. ரிட்டயர் ஆகற நேரத்துல எனக்கு இது தேவையா?"

"காத்தாயி வீடு போயிருமுங்க சார்."

"எனக்கும் தெரியுதுங்க. நல்ல பொம்பளை. நர்சரியிலயே முழு நாள் போட முடியுமான்னு பாக்கறேன்." அவர் குரல் இறங்கியது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் நர்சரியில் தண்ணீர் ஊற்றுகிற வேலையே இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் இந்த மாதத் திருத்தத்தின் அறுபத்து மூன்றாம் பக்கம் என் நினைவுக்கு வந்தது. முதல் தேதியன்று படித்துவிட்டு, இது எதற்கு நமக்கு என்று தாண்டிப் போன பத்தி. பதினாறு வருடம் யாருக்கும் வேண்டாத விதிகளைப் படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

"சார், புது விதி ஒண்ணு இருக்குங்க. லைசென்ஸ் வெச்சிருக்கற ஒவ்வொருத்தரும் மாசத்துல எத்தனை மணி நேரம் வேலை செஞ்சாங்கன்னு ரிப்போர்ட் நேரா ஜி.எம்.முக்குப் போகும். நிறுத்தவே முடியாது. உங்க பேருக்கு நேரா சைபர்னு போகுமுங்க. ஏப்ரல்ல சைபர். மேயில சைபர். நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும், மாசா மாசம். செவப்பு எழுத்துல."

சிவப்பு என்பது நானாகச் சேர்த்தது. விதியில் நிறத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் சொல்கிற வேகத்தில் வந்துவிட்டது, வந்ததை எதற்குத் திரும்ப எடுப்பது என்று விட்டுவிட்டேன்.

பாலகுமார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "மாசா மாசமா?"

"பூஜை மாசத்துல வேணா ஒரு நிமிசம் காட்டும்."

அவ்வளவுதான். முதலில் முறைத்தார், பிறகு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போதுமுங்க தாயி, ஆளை விடுங்க! எங்க அந்த லிஸ்ட்?" வடிவேலின் காதிலிருந்த பேனாவை உருவி, தன் பெயரைத் தானே அடித்தார். பட்டியலின் அடியில் காத்தாயி என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அதையும் அடித்துவிட்டு, தன் பெயர் இருந்த இடத்திலேயே, உச்சியில், திரும்ப எழுதினார்.

"செக்ரோல்ல எப்படிப் போடட்டுங்க தொரை? அரையா?" என்றார் வடிவேல்.

"கம்பெனி முழு லைசென்ஸ் வாங்குதுல்ல? நீ மட்டும் என்ன அரை? முழு நாளும் அந்தம்மா இங்கயே உக்காரட்டும், ஸ்டோர் கணக்கும் பாக்கட்டும். முழுசாப் போடு."

காத்தாயியைக் கூப்பிட்டுச் சொன்னோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேனேஜர் கம்ப்யூட்டரின் பொட்டை அதே முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், "நேரமாச்சு, அக்கவுண்ட் தொறக்கோணும், சீக்கிரம் வந்து உக்காருங்கக்கா" என்று அதட்டினேன்.

என் லேப்டாப்பிலிருந்து அவர் பெயரில் அக்கவுண்ட் திறந்தேன். எடைக் கொட்டகை கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு கேட்டது.

"எட்டு எழுத்துக்குக் கொறையக் கூடாதுங்கக்கா. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு, அவங்கவங்களோடது. அதுதான் இப்ப விதி."

"உங்ககிட்டயும் சொல்லக் கூடாதா?"

"எங்கிட்டயும்தான்."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட?"

"அவருகிட்டயுந்தான்."

"அவருகிட்ட எதுக்குச் சொல்லப்போறேன்" என்றார் காத்தாயி. பிறகு வடிவேலையும் என்னையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பி நின்றோம். விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. எட்டுக்கு மேலேயே போயிற்று, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவையும் தப்பில்லாமல் அடித்தார். திரை திறந்தது. வடிவேல் எட்டி, சுவரில் இருந்த பழைய காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

அந்த நேரத்தில் பாலகுமார் கொட்டகைக்குள் வந்தார். தினமும் அந்த நேரத்தில் அன்றைய கொழுந்து எடையைப் பார்க்க வருவாராம். வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில் சொன்னார்: "காத்தாயி, புது பாஸ்வேர்டை அங்கயே எழுதி ஒட்டிரு. வேணுங்கறப்ப யாரையாவது தொறக்கச் சொல்லி நான் பாத்துக்கறேன்."

துரை வந்தால் எழுந்து நிற்பது அங்கே வழக்கம். காத்தாயி எழுந்து நின்றார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுங்க தொரை" என்றார்.

வடிவேல் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அந்த எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி துரையிடம் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னார். பாலகுமார் என்னைப் பார்த்தார். நான் எடை மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இன்னைக்குக் கொழுந்து எத்தனை கிலோன்னு நான் எப்படிம்மா பாக்கறது?"

காத்தாயி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, யாரும் உட்காரச் சொல்லாமலே, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேளுங்க தொரை. நான் சொல்றேன்."

பாலகுமார் தேயிலைச் சாக்கு ஒன்றை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, கேட்டார்.